தரங்கம்பாடி: ஆறு ஆண்டுகளாகப் போய்வந்த அனுபவம்

தரங்கம்பாடிக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது மார்கழி, தை. நானும் முதல் தடவை பொங்கல் விடுமுறையில்தான் போனேன். கோட்டையைப் பார்த்ததைவிட, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களின் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன். பக்கத்தில்தான் திருக்கடையூர். அங்கே அறுபதாம் கல்யாணம் முடித்தவர்கள் மாலையைக் கழற்றாமலே வேனில் வந்து இறங்குகிறார்கள். ஒரு தாத்தா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் கால் நனைக்க, பாட்டி கரையிலிருந்தே அவரை அதட்டிக்கொண்டிருந்தார். பார்க்கச் சலிக்காத காட்சிதான். ஆனால் ஊரைப் பார்க்க அது நேரமில்லை.

அதன்பிறகு ஆறு ஆண்டுகளாக வெவ்வேறு மாதங்களில் போய்வருகிறேன்.

சித்திரையில் விடிகாலையை விட்டால் மிச்சமெல்லாம் வெயில். கோட்டை கிழக்கே கடலைப் பார்த்து நிற்பதால் சூரியன் எழுந்த கையோடு வெளிச்சம் நேரே சுவரில் விழுகிறது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டியது இது. எட்டு மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனுக்காகவே போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், நான் ஏமாந்தேன்.

ஆடியில் கச்சான் காற்று. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கடற்கரையில் நின்றும் கடல்காற்று கிடைக்காது. பிற்பகலில்தான் காற்று திரும்புகிறது. டீ குடித்து முடித்தால் கிளாஸின் அடியில் ஒரு சிட்டிகை மணல் கிடக்கிறது. கண்ணாடி அணிபவர்கள் துடைக்கத் துணி எடுத்துப் போங்கள். கடல் வாசனையை வைத்து இந்த ஊரில் ஓசோன் அதிகம் என்று சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். கடலின் அந்த வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் டைமெத்தில் சல்பைடு என்ற வேதிப்பொருள், ஓசோன் அல்ல. ஊர்ப் பெயருக்கு ‘அலைகள் பாடும் ஊர்’ என்று பொருள் சொல்வதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். கோவில் கல்வெட்டில் இருப்பது சடங்கன்பாடி.

என் ஓட்டு ஐப்பசிக்குத்தான். போன ஐப்பசியில் அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று கிளம்பினேன். போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை, அன்றுதான் அதற்கு வார விடுமுறை. விசாரிக்காமல் போனது என் தவறு. திரும்பும்போது மழை பிடித்துக்கொள்ள, 1792-ல் கட்டிய நகர வாயிலின் அடியில் ஒதுங்கினேன். கூடவே ஒரு ஆடும் சைக்கிளோடு ஒரு பள்ளிச் சிறுவனும். ஈரம் ஏற ஏறச் சுண்ணாம்புச் சுவர் பழுப்பாக மாறியது. பழைய பூச்சு உரிந்த இடங்களில் செங்கல் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. வெயில் காலத்தில் இதே சுவரைப் பலமுறை கடந்திருக்கிறேன், அந்தச் செங்கல் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

மழை விட்டதும் மாசிலாமணிநாதர் கோவிலுக்குப் போனேன். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. தை மாதத்தில் இதைச் சொன்னால் நம்புவது கடினம், அலை அவ்வளவு சாதுவாக இருக்கும். வாடைக் காற்றில், கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் அலை மோதித் தெறிக்கும்போது கேட்காமலே புரிகிறது.

குறைகளும் உண்டு. துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. இரவில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் தங்கிய விடுதியில் தலையணையே ஈரம் கோர்த்திருந்தது. மாற்றித் தரச் சொன்னேன், பதிலுக்கு வந்த தலையணையும் அதேபோலத்தான் இருந்தது. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள், வீரம் காட்டும் இடமில்லை. சாதாரண மழை என்றால் குடையோடு தாராளமாகப் போகலாம். மழைநாளில் அந்தப் பழைய தெருவில் நீங்களும் சீகன்பால்குவின் சிலையும்தான் இருப்பீர்கள். 1706-ல் வந்து இறங்கி, தமிழ் கற்று, இங்கேயே அச்சகம் நடத்திய ஜெர்மன் பாதிரியார் அவர்.

மாசியில் மட்டும் இன்னும் போனதில்லை. ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது என்று கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். ராத்திரி டார்ச் அடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, வந்தால் அழைத்துப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். மயிலாடுதுறை வரைக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.