சேபர்டூத் 2×60: சண்டை ரோபோவின் சக்கரங்களுக்கு வாங்கலாமா?

சேபர்டூத் 2×60 ஒரு மோட்டார் டிரைவர் போர்டு: பேட்டரிக்கும் இரு பக்கச் சக்கர மோட்டார்களுக்கும் நடுவே நின்று கரண்டைக் கட்டுப்படுத்தும். 24 வோல்ட்டில் ஓடும் 60 கிலோ ரோபோ என்றால் தாராளமாக வாங்கலாம். ஐஐடி பம்பாயின் டெக்ஃபெஸ்ட் விழா போன்ற இடங்களில் ரோபோ சண்டைக்கு இறங்கும் எடை அது. அணியில் வயரிங் பார்த்தவள் நான் என்பதால் ஜூனியர்கள் இன்னும் என்னிடம்தான் வருவார்கள்: "அக்கா, எத்தனை ஆம்பியர் டிரைவர் வாங்கணும்?" அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அரங்கத்தில் பாதி நேரம் எதிரியைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்போம். சக்கரம் சுற்றாது, மோட்டார் கரண்டை உறிஞ்சும். மோட்டார் சுற்றின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 24 வோல்ட்டுக்கு 240 ஆம்பியர் வருகிறது. முழு வேகத்தில் முன்னே போகும்போது ரிமோட்டின் ஸ்டிக்கைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால் இன்னும் மோசம். சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜும் பேட்டரியோடு சேர்ந்துகொள்வதால், கணக்குப்படி கிட்டத்தட்ட இரு மடங்கு. வயரும் பேட்டரியும் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

டைமென்ஷன் எஞ்சினியரிங்கின் இந்த போர்டு ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து 60 ஆம்பியர், சில விநாடிகளுக்கு 120 ஆம்பியர் தரும். 240 எங்கே, 120 எங்கே என்று கேட்பீர்கள். மோட்டார் கேட்பதையெல்லாம் இது கொடுக்காது, தன் எல்லையில் பிடித்துக்கொள்ளும். சூடு ஏறினாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். முட்டும் வலு கொஞ்சம் குறையும், ஆனால் ஆட்டத்தின் மூன்று நிமிடமும் வண்டி ஓடும். இதற்கு முன் நாங்கள் போட்டிருந்த போர்டில், பெயர் வேண்டாம், எண் இதைவிடப் பெரியது, ஆனால் கரண்ட் கட்டுப்பாடு கிடையாது. சுவரில் முட்டி நின்றபோது ஒரு மாஸ்ஃபெட் (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) ஷார்ட் ஆகி, அதன் ஜோடியையும் கூட்டிக்கொண்டு போனது. புகை பார்வையாளர்களுக்குப் பிடித்திருந்தது.

குறை என்றால் வோல்ட்டேஜ்தான். வழக்கமாக 30 வோல்ட் வரை, எந்த நிலையிலும் 33.6-ஐத் தாண்டக் கூடாது. 8 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் சரியாக 33.6 வோல்ட். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரின் சக்தி பேட்டரிக்கே திரும்பி வோல்ட்டேஜை இன்னும் ஏற்றும். அதனால் 8 செல் பக்கமே போகாதீர்கள். 6 செல் என்றால் 25.2 வோல்ட், நிம்மதி. திரும்பி வரும் சக்திக்கு இடம் வேண்டும் என்பதால், பேட்டரி இல்லாமல் மேசை மேல் பவர் சப்ளையில் ஓட்டிப் பார்க்கவும் கூடாது.

அப்புறம் போர்டு எந்த மோடில் ஓட வேண்டும் என்று வைக்கும் அந்தக் குட்டி டிப் சுவிட்சுகள். மைக்ரோகண்ட்ரோலர் மோடில் வைத்துவிட்டால் சிக்னல் போனாலும் கடைசியாகக் கேட்ட கட்டளைப்படியே மோட்டார் ஓடும். ரேடியோவில் ஓட்டும் சண்டை ரோபோவில் இது ஆபத்து, பாதுகாப்புச் சோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரண ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) மோடில் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சக்கரம் நிற்கிறதா என்று பாருங்கள். அதே சுவிட்சுகளில் உள்ள லித்தியம் மோடு, பேட்டரியைக் காப்பாற்ற, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் வண்டியை நிறுத்திவிடும். முட்டலில் வோல்ட்டேஜ் சரிவது சகஜம், அந்த நேரத்தில் வண்டி நின்றால் ஆட்டம் போச்சு. போட்டியில் நான் அதை அணைத்துவிடுவேன். பேட்டரி வீணானால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

8 செல்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் அணிக்கு மலேசியாவின் சைட்ரான் நிறுவனத்தின் ஸ்மார்ட்டிரைவ்டுவோ-60 போர்டு இருக்கிறது: 7 முதல் 45 வோல்ட், தொடர்ந்து 60, உச்சத்தில் 100 ஆம்பியர். ஆயுதத்துக்கு இவை இரண்டுமே வேண்டாம். ஒரே திசையில் சுற்றும் பிரஷ் மோட்டாருக்கு நல்ல கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) போதும். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெட்டர் உருவாக்கிய வெஸ்க் வகை மோட்டார் கண்ட்ரோலர்களைப் பாருங்கள். மோட்டார் கரண்டுக்கும் பேட்டரி கரண்டுக்கும் தனித்தனியாக எல்லை வைக்கலாம் என்பது கனமான பிளேடைச் சுழற்றத் தொடங்கும்போது பெரிய வசதி. அமெரிக்க ரோபோ சண்டை நிகழ்ச்சியான பேட்டில்பாட்ஸின் 113 கிலோ வண்டிகளுக்கு சேபர்டூத் போதாது, அங்கே சக்கரங்களுக்கும் பிரஷ்லெஸ் பரவலாகிவிட்டது.

எந்த போர்டாக இருந்தாலும் பேட்டரி வயரைக் குட்டையாக வையுங்கள், நீள வயர் கொண்டுவரும் வோல்ட்டேஜ் குதிப்பு மாஸ்ஃபெட்டைக் கொல்லும். அரங்கில் பறக்கும் இரும்புத் தூள் உள்ளே போகாமல் மூடுங்கள். ரப்பர் புஷ் மேல் மாட்டுங்கள்.

இரண்டு பக்கச் சக்கரமும் இந்த ஒரே போர்டில் என்பதால், அது போனால் வண்டி முழுதும் நிற்கும். ஸ்பேர் இல்லாமல் மும்பைக்கு ரயில் ஏறாதீர்கள். காசு பற்றவில்லை என்றால் பெயின்ட்டிலும் டீ-ஷர்ட்டிலும் கை வையுங்கள், இதில் வேண்டாம்.