பாதி விலைக்கு கேன்சர் மாத்திரை என்று சொன்னார்கள், 62,400 ரூபாய் போனது

நேற்று மத்தியானம் பார்சல் வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். 62,400 ரூபாய். மூன்று மாத மருந்துக்கென்று கட்டிய பணம். நடந்ததைச் சொல்லிவிட்டு, இந்த மாதிரி மருந்து வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சி. வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 2 வருஷமாக மைலோஃபைப்ரோசிஸ். அபூர்வமான ரத்தப் புற்றுநோய். ஆரம்பத்தில் ரெண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார். அல்சர் என்று நினைத்தே ஆறு மாதம் போய்விட்டது. அப்புறம் ராத்திரியில் பனியனைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்த்தார்கள், ஒரு சொட்டு வரவில்லை. எலும்பிலேயே சின்னத் துண்டு எடுத்துத்தான் சோதனைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார்: “பீர்க்கங்காய் முத்தினா உள்ளே நாராயிருதுல்லம்மா, அந்த மாதிரி இவருக்கு மஜ்ஜை நாராகிட்டு வருது. ரத்தம் அங்கே ஊற முடியாம, அந்த வேலையை மண்ணீரல் செய்யப்போய் வீங்குது.” ஜேக்2 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதாம். பிள்ளைகளுக்கும் வருமோ என்று பதறினேன். பிறப்பிலேயே வந்ததில்லை, இடையில் ஏற்பட்டது என்றார்.

அதற்குத்தான் ரக்சோலிடினிப் மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நோயை வேரோடு எடுக்காது, ஆனால் மண்ணீரலைச் சுருக்கும், வேர்வையை நிறுத்தும். ஆரம்பித்து ரெண்டாவது மாதம் அவர் நாலு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்பாங்கரைக்குள் போய் அழுதேன். அந்த மாத்திரை எங்களுக்கு என்ன என்று இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நிலம் போனது, நகை போனது. இந்த நிலைமையில்தான் போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. போனிலேயே ஆர்டர் எடுத்துக் கூரியரில் மருந்து அனுப்புகிற கடை. பெயரை இங்கே எழுதவில்லை. கேன்சர் மருந்து பாதி விலை என்று போட்டிருந்தது. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் ஒருத்தன் கூப்பிட்டான்.

அவன் பேசியது நம்ம ஊர்ப் பேச்சு. அதில்தான் விழுந்தேன். “அக்கா, நான் தென்காசிப் பக்கம்தாங்க்கா. எங்க அம்மாவுக்கும் இந்த நோய்தான், இதே மாத்திரைதான் சாப்பிடுதாவ. நீங்க அழாதிய, நான் இருக்கேம்லா, பாத்துக்கிடுதேன்” என்றான். ரெண்டு வருஷத்தில் இந்த நோயின் பெயரைத் தடுமாறாமல் சொன்ன முதல் வெளி ஆள் அவன். மண்ணீரல் எவ்வளவு இருக்கு, ரத்தம் ஏத்துனாங்களா என்றெல்லாம் கேட்டான். என் சொந்தத் தம்பி கேட்காததை அவன் கேட்டான். கையில் கிடந்த ரெண்டு வளையலை அடகு வைத்து முதலில் 30,000 அனுப்பினேன். மறுநாள், மீதியையும் போட்டால்தான் பில் போட முடியும் என்றான். தீபாவளி அப்பளத்தில் சேர்த்து வைத்திருந்த 32,400-ஐயும் அனுப்பினேன். அஞ்சு நாளில் வந்துரும் என்றான். வீட்டில் 12 நாளைக்கு மாத்திரை இருந்தது.

ஏழாம் நாள் கேட்டால் “மும்பைல நிக்கிதுக்கா”. ஒன்பதாம் நாள், கூரியர்காரர் வந்தாராம், வீடு பூட்டிக் கிடந்ததாம். நான் அப்பளம் காயப்போட்டுவிட்டு நாள் முழுக்க வாசலிலேயே இருக்கிறேன், எங்கே போனேன்? பதினோராம் நாள் போனை எடுக்கவில்லை. அப்புறம் வேறொரு பெண் எடுத்து “மேடம், அந்த எக்ஸிகியூட்டிவ் லீவு மேடம்” என்றாள். அடுத்த தடவை அவனே எடுத்தபோது நானும் மேடம் ஆகிவிட்டேன். “சும்மா சும்மா கூப்பிட்டா எப்படி மேடம்? உங்களுக்கு மட்டுமா அனுப்புறோம்?” அக்கா எங்கே போனாள்?

மாத்திரை தீர்ந்தது. “ஏட்டி, டப்பா காலியா கெடக்கு” என்று அவர் சொன்னபோது நாளைக்கு வந்துவிடும் என்று நானும் பொய் சொன்னேன். மூன்றே நாள். காய்ச்சல், எலும்பு வலி, பழையபடி வேர்வை. இடது விலாவுக்குக் கீழே தொடக்கூட விடவில்லை. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். “திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனேம்மா” என்று டாக்டர் சத்தம் போட்டார். நியாயம்தான். தம்பியிடம் கடன் வாங்கி ஆஸ்பத்திரி மருந்துக் கடையிலேயே ஒரு அட்டை வாங்கிக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள், அதாவது நேற்று, பார்சல். 180 மாத்திரை வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வெள்ளை டப்பா, உள்ளே 60. பேட்ச் நம்பர் கிடையாது, பில் கிடையாது. காலாவதித் தேதி இருக்கிற இடத்தில் குட்டி ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன், அடியில் வேறொரு தேதி, முடிந்து ஒரு வருஷம் ஆனது. ஒரு மாத்திரையை விரலால் அமுக்கினேன், சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிர்ந்துவிட்டது. இதையா அவர் வாயில் போட்டிருப்பேன்! போட்டோ அனுப்பினால் டாக்டர், “தொடாதீங்க, அப்படியே பத்திரமா வைங்க” என்றார். கடைக்குக் கூப்பிட்டேன். “பார்சல் டெலிவரி ஆயிடுச்சே மேடம்” என்று வைத்துவிட்டான். 62,400 ரூபாய்.

போன், ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்கிற அரசாங்க எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பணம் போன உடனேயே கூப்பிட்டிருந்தால் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். 19 நாள் கழித்து என்ன கிடைக்கும் என்று தெரியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், அவருக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். பில்லும் பேட்ச் நம்பரும் இல்லாத மருந்தை உள்ளே வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். விலை கட்டவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடமே சொல்லுங்கள், காப்பீடு, கம்பெனிச் சலுகை எதாவது உண்டா என்று கேளுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே 1930.

அதே ‘தென்காசித் தம்பி’ உங்களிடமும் பேசியிருந்தால் எனக்கு எழுதுங்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை திருநெல்வேலிக்குப் புகார் கொடுக்கப் போகிறேன், ரெண்டு பேராகப் போனால் நல்லது.