ரோம் சான் கலிஸ்டோ நிலத்தடிக் கல்லறைகள்: கட்டாயம் போய் வாருங்கள்

ரோமுக்குப் போனால் அப்பியா சாலையில் இருக்கும் இந்த இடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தனியாக இறங்க விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும், உள்ளே போட்டோவும் எடுக்க முடியாது. வெயில் காலத்திலும் கீழே குளிரும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் இங்கே ஒளிந்து வாழ்ந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. இது சபை தன் மக்களைப் புதைத்த இடம், ஏழைக்கும் இடம் கொடுத்த பொதுக் கல்லறை. இதை நிர்வகித்த கலிஸ்துஸ் ஒரு காலத்தில் அடிமை, பிறகு அவரே ரோமின் ஆயர், அதாவது போப் ஆனார்! அந்தச் சபை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

3ஆம் நூற்றாண்டுப் போப்புகளின் அறையில் கிரேக்க எழுத்தில் சிலரின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. ரோமப் பேரரசர் வலேரியன் காலத்தில், 258இல் கொல்லப்பட்ட போப் இரண்டாம் சிக்ஸ்துஸையும் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஆனால் என்னை நிறுத்தியது, சுவரில் ஒரு முழம்கூட நீளமில்லாத ஒரு குழி. குழந்தையுடையது. இது போல வழியெங்கும் இருக்கின்றன. அவர்கள் கல்லறைக்கு வைத்த கிரேக்கப் பெயருக்கே 'உறங்கும் இடம்' என்றுதான் அர்த்தம். நம் ஊர்ச் சபைகளில் 'நித்திரையடைந்தார்' என்கிறோமே, அதே நம்பிக்கை.

மீனும் அப்பமும், யோனாவும் வரைந்திருக்கும் சிறு அறைகளையும் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். புதன்கிழமை விடுமுறை.