அரபியா, செக்கா?

புதுச்சேரியில் பிரெஞ்சு முடித்து அடுத்து எந்த மொழி என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது.

செக் நாட்டு மொழியான செக்கில் எழுத்துத் தொல்லை இல்லை. ரோமன் எழுத்துதான், மேலே சில குறிகள். பிரெஞ்சு படித்த கண்ணுக்குப் புதிதல்ல. குறில், நெடில் உண்டு. வேற்றுமை 7. எட்டைக் கண்ட நமக்கு என்ன பயம் என்று இறங்கினால் அங்கேதான் வம்பு: நம் 'கு' எங்கும் 'கு'தான், செக்கில் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருபு மாறும்.

அரபியில் 28 எழுத்து, வலமிருந்து இடம். குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும். சொற்களின் பொது வேர் பிடிபட்டால் சுவைதான்: கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தப் அலுவலகம். வசூல், பாக்கி, அசல், ரத்து எல்லாம் அங்கிருந்து வந்தவையே. பரங்கிப்பேட்டையில் சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு எழுத்து கைவந்தது. ஆனால் ஓதுவது வேறு, பேசுவது வேறு. துபாய்ப் பேச்சும் கெய்ரோப் பேச்சும்கூட ஒன்றல்ல.

அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கழகம் ஆங்கிலம் பேசுவோருக்குச் செக்குக்குச் சுமார் 1,100 வகுப்பு மணி, அரபிக்கு 2,200 என்கிறது. வளைகுடா வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், அரபிதான். செக் பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். இருந்தும் என் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. தமிழறிஞர் கமில் சுவலபிலின் தாய்மொழி அல்லவா!