பழைய லேப்டாப்புக்கு ரேம் போடுவதா, லேப்டாப்பையே மாற்றுவதா?

வீடியோ எடிட்டிங்குக்காக நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். என்னிடம் இருந்தது 2017 மாடல். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ7, ஜிடிஎக்ஸ் 1050 கார்டு, 8 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். முதலில் அதையே தேற்றி மூன்று வருடம் ஓட்டினேன், அப்புறம் மாற்றிவிட்டேன். இன்று யாராவது கேட்டால் மாற்றச் சொல்லும் பக்கம்தான் சாய்வேன். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பதில் பொருந்தாது. நீங்கள் எடுக்கும் வீடியோ எந்த வகை என்பதைப் பொறுத்தது அது.

தேற்றியதில் கிடைத்த பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரேமை 16 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, விசிறியில் அடைந்திருந்த தூசியைத் தட்டி, பிராசசருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்தேன். மென்பொருள் சட்டென்று திறந்தது, நடுவில் மூடிக்கொள்வது நின்றது, சூடும் குறைந்தது. போனில் எடுத்த 1080பி வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

சிக்கல் வந்தது கேமரா மாற்றியபோது. 4கே, எச்.265 சுருக்க முறை, 10 பிட் (நிறப் படிநிலைகள் 8 பிட்டைவிட அதிகம்), 4:2:2 (நிறத் தகவலைக் கூடுதலாக வைத்திருக்கும் வகை). ப்ளே கொடுத்தால் இரண்டு நொடி ஓடும், நிற்கும், மறுபடி துள்ளும். எஸ்எஸ்டி வேகம் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் அது இல்லை: நொடிக்கு 100 மெகாபிட் என்றால் வெறும் 12.5 மெகாபைட். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கே ஒரு கிளிப்புக்கு அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும்.

தடை இருந்தது சுருக்கத்தைப் பிரிக்கும் இடத்தில். எச்.264, எச்.265 வீடியோக்களில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. எப்போதாவது ஒன்றுதான் முழுசு, நடுவில் உள்ளவை பெரும்பாலும் பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். அதனால் நீங்கள் ஏதோ ஒரு ஃப்ரேமில் கர்சரை வைத்தால், முந்தைய முழுப் படத்திலிருந்து தொடங்கி அந்த இடம் வரை வேண்டியதையெல்லாம் பிரித்துக்கொண்டே வர வேண்டும், பின்னோக்கி இழுத்தால் இன்னும் மோசம். ஃபைல் சின்னதாக இருப்பதால் வேலையும் சின்னது என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு.

இதைச் செய்வதற்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி, டிகோடர், இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல்லில் எச்.265 10 பிட் வரை உண்டு, ஆனால் நிறத் தகவல் குறைவாக உள்ள 4:2:0 மட்டும்தான். 4:2:2 வந்தால் முழுப் பாரமும் பிராசசர் தலையில். ஜிடிஎக்ஸ் 1050-லும் அதே நிலைமைதான். ரேமையும் எஸ்எஸ்டியையும் கழற்றி மாட்டலாம், டிகோடரை மாட்ட முடியாது. 32 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் அந்தத் துள்ளல் போயிருக்காது.

ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் உருவாக்கிக்கொள்ளும் இலகுவான நகல், இருக்கிறதே என்பீர்கள். நல்ல வழிதான், டாவின்சி ரிசால்வ், பிரீமியர் இரண்டிலும் உண்டு, நானே ஒரு வருடம் அதில்தான் ஓட்டினேன். ஆனால் பழைய இயந்திரத்தில் ப்ராக்ஸி உருவாக்கவே வீடியோவின் நீளத்தைவிட அதிக நேரம் பிடித்தது. கலர் பார்க்க மூலத்துக்குத் திரும்ப வேண்டும், எக்ஸ்போர்ட்டும் மூலத்திலிருந்துதான். நம் வசதிக்குச் செய்யும் வேலைக்குச் சரி. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலையில், இரவு முழுக்க ப்ராக்ஸி ஓடி முடியட்டும் என்று காத்திருந்த நாளில்தான் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

மாற்றும்போதும் இதே டிகோடரைத்தான் முதலில் பாருங்கள், பெரிய கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைக் கோர் சிப்புகளிலிருந்து உள்ளமை கிராஃபிக்ஸே எச்.265 4:2:2-வைப் பிரிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அது கிடையாது, 2025-ல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். ஆப்பிளில் 2020-ல் வந்த எம்1-லிருந்தே உண்டு. மேக்கில் நான் செய்தது நண்பரின் மெஷினில் இரண்டு சின்ன வேலைகள் மட்டும், துளி தடங்கல் இல்லை, ஆனால் வருடக்கணக்கில் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. அதில் மெமரியைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தேவையானதை வாங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஆதரிக்கும் இன்டெல் சிப்புகளின் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோ வைத்திருப்பவர்கள் அதில் பணம் போடும் முன் இதையும் யோசியுங்கள்.

உங்கள் வீடியோ 8 பிட் எச்.264, 1080பி என்றால் தயங்காமல் ரேமும் எஸ்எஸ்டியும் போடுங்கள், புதியது தேவையில்லை. கேமராவில் 4:2:2 எடுப்பவர்கள் சொந்த கிளிப் நான்கைந்தை ஒரு பென் டிரைவில் எடுத்துப்போய், வாங்க நினைக்கும் மெஷினில் நகலெடுத்து, டைம்லைனில் இரண்டு அடுக்காக வைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் இப்போதைய லேப்டாப்பை எடுத்தேன்.