சிங்கப்பூர் க்ரூஸ்: ஏஜென்டா, கம்பெனி தளமா, பேக்கேஜா?

சிங்கப்பூர் மெரினா பே க்ரூஸ் சென்டரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் மூன்று நான்கு இரவு க்ரூஸுக்கு, அதாவது உல்லாசக் கப்பல் பயணத்துக்குச் சென்னையிலிருந்து இடம் பிடிக்க மூன்று வழி. கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் நீங்களே புக் செய்யலாம். க்ரூஸில் பழகிய ஏஜென்டிடம் கொடுக்கலாம். விமானம், ஓட்டல், ஊர்சுற்றல் எல்லாம் சேர்ந்த குரூப் பேக்கேஜில் போகலாம்.

நேரடியாக புக் செய்தால் ஏஜென்ட் கமிஷன் மிச்சம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. கமிஷனைக் கொடுப்பது கப்பல் கம்பெனி. அதுவும் அடிப்படைக் கட்டணத்துக்குத்தான், துறைமுக வரிக்குக் கிடையாது. நீங்கள் நேரடியாகப் போனாலும் அந்தத் தொகை உங்களுக்குக் குறையாது. ஏஜென்ட் தனியாக சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறாரா என்பதை மட்டும் முதலிலேயே கேளுங்கள். கல்யாண வீடு போல எட்டு கேபின், பதினாறு பேர் என்று கூட்டமாகப் போனால் ஏஜென்ட் பக்கம்தான் லாபம்: பதினாறு பேருக்கு ஒருவரின் அடிப்படைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது பல கம்பெனிகளில் வழக்கம். கேட்காவிட்டால் அது ஏஜென்டின் பையிலேயே தங்கிவிடவும் கூடும்.

பணம் கட்டுவதில் வேறுபாடு உண்டு. தளத்தில் டாலரில் கட்டினால் கிரெடிட் கார்டு வங்கி பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்க்கும். இந்திய நிறுவனத்திடம் பேக்கேஜ் வாங்கினால் ஜி.எஸ்.டி.யும், விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டி.சி.எஸ்.ஸும் ஏறும். டி.சி.எஸ். பிறகு உங்கள் வரியில் கழித்துக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் யாருடைய பான் எண்ணில் பில் போடுகிறார்களோ அவருக்குத்தான் கழியும். வரியே கட்டாத அப்பா பெயரில் பில் போட்டால், பணத்தைத் திரும்பப் பெற அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிவரும்.

பேக்கேஜ் விளம்பர விலையில் பெரும்பாலும் இல்லாதது, ஊழியர்களுக்காகக் கப்பலில் உங்கள் கணக்கில் சேர்க்கும் டிப்ஸ். ராயல் கரீபியன் போன்ற கப்பல்களில் சாதாரண கேபினுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 அமெரிக்க டாலர், குழந்தைக்கும் அதே தொகை. நான்கு பேர், நான்கு இரவு என்றால் 288 டாலர்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி, பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும்; கம்பெனி தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் பெயரையே இரண்டு முறை அடிப்பார், இன்னொருவர் அப்பா பெயரைச் சேர்ப்பார். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பல் பட்டியலில் வேறு மாதிரி என்றாகி, செக்-இன் கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். சென்னையில் க்ரூஸ் பார்க்கும் ஏஜென்டுக்கு இது தினசரி வேலை. கம்பெனியின் ரிசர்வேஷன் பிரிவிடம் கேட்டு அவர்கள் சொல்லும் விதத்தில் போட்டுவிடுவார். நீங்களே புக் செய்தால், பணம் கட்டும் முன் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு அந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு எப்படியும் இன்னொருவர் தயவு வேண்டும். சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலமோ, அங்கே இருக்கும் உறவினரின் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் ஆன்லைன் அடையாளக் கணக்கு) மூலமோதான் விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் புக்கெட் போய் வந்தால் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா மல்டிபிள் என்ட்ரியா, அதாவது பலமுறை நுழைய விடுவதா என்று கண்ணால் பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழையும் முன் ஆன்லைனில் நிரப்பும் எஸ்.ஜி. அரைவல் கார்டையும் திரும்பும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை; காசு கேட்டால் அது அரசுத் தளம் அல்ல.

கேபின் விஷயத்தில் பேக்கேஜ் பலவீனமானது. அவர்கள் தருவது பெரும்பாலும் 'கேரன்டி' கேபின்: வகை மட்டும் உறுதி, எண் பிறகு கம்பெனி ஒதுக்கும். நீச்சல்குள தளத்துக்கு நேர் கீழே விழுந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். வயதானவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம், லிஃப்ட்டுக்குப் பக்கம். ஆட்டமும் நடையும் குறையும். நல்ல ஏஜென்ட் தள வரைபடத்தை விரித்து, மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்துதான் எண் எடுப்பார். உங்களாலும் முடியும், பொறுமை இருந்தால். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் 24 வாரம் தொட்ட கர்ப்பிணியையும் பல கம்பெனிகள் ஏற்றுவதில்லை. தேதி குறிக்கும் முன் பார்க்க வேண்டியது இது.

ஏஜென்டிடம் நீங்கள் விட்டுக்கொடுப்பது ஒன்று உண்டு. புக்கிங் அவர் பெயரில் இருக்கும்வரை கப்பல் கம்பெனி உங்களோடு நேராகப் பேசாது; ஞாயிற்றுக்கிழமை தேதி மாற்ற வேண்டும் என்றால் அவர் போனை எடுத்தாக வேண்டும். ரீஃபண்டும் அவர் வழியாகத்தான் வரும், அதில் அவருடைய கேன்சல் கட்டணமும் கழியலாம். முன்பணம் கொடுத்த அன்றே கம்பெனியின் ரிசர்வேஷன் எண்ணைக் கேட்டு, கம்பெனி ஆப்பில் போட்டுப் பாருங்கள். ஏஜென்டின் சொந்த வவுச்சர் எண் மட்டும் வந்தால் மீதியைக் கட்டாதீர்கள்.

மீதித் தொகைக்கான கெடு பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்பு. அதற்குள் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம், ஆனால் யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். ஏஜென்ட் என்றாலும் வாரம் ஒருமுறை விலையைப் பார்த்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலை உங்களுடையது. பேக்கேஜில் இதற்கு வழியே இல்லை.

சிங்கப்பூர் விசா கையில் இருக்கும் இருவர், மூன்று இரவு என்றால் கம்பெனி தளமே போதும். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, ஜெயின் சாப்பாடு, இணைக்கதவுள்ள இரண்டு கேபின் என்று கோரிக்கைகள் சேரும்போது ஏஜென்ட்தான். விமானத்திலிருந்து எல்லாவற்றையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டால் சரி என்பவருக்குப் பேக்கேஜ். விமானம் கப்பல் புறப்படும் காலையிலேயே இறங்குகிறதா, முந்தைய நாளா என்று மட்டும் கேளுங்கள். காலை என்றால் முந்தைய நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.