சின்னக் கொம்பியூட்டர் பெட்டி: யாழ்ப்பாணத்தில் எதில் கட்டினால் நிலைக்கும்?

200 மில்லிமீற்றர் நீளம், 200 அகலம், 150 உயரம் என்றால் 6 லீற்றர். கடையில் விற்கும் வழமையான நிமிர்ந்த பெட்டிகள் 40 லீற்றரை அண்டி வரும். கிராபிக்ஸ் காட் தேவையில்லாத ஒருவருக்கு அந்த 6 லீற்றருக்குள் மதர்போட், பவர் சப்ளை, காற்றாடி எல்லாம் அடங்கும். படத்தை வீட்டிலிருந்தே ஃபிரீகாட் மென்பொருளில் இலவசமாக வரையலாம். வரைந்ததை எந்தப் பொருளில், யாருடைய பட்டறையில் செய்விப்பது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு வழிகாட்டிகளின் பதில் இங்கே பாதிதான் பொருந்தும். அவர்களுக்கு ஏசி அறையும் லேசரில் தகடு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நிறுவனமும் இருக்கின்றன. நமக்கு உப்புக் காற்றும் சித்திரை வெயிலும் இருக்கின்றன. கூடவே நல்ல கைவேலைக்காரரும் இருக்கிறார்கள்.

எந்தப் பொருளை எடுத்தாலும் மாறாத அளவுகள் சில உண்டு. மினி ஐ.டி.எக்ஸ். என்னும் சின்ன மதர்போட், வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த அளவு: 170க்கு 170 மில்லிமீற்றர். அதன் நான்கு துளைகளும் சரியான சதுரமாக இராது, ஒன்று விலகியிருக்கும். கண்மட்டத்துக்குக் குறித்தால் நாலாவது ஆணி ஏறாது. போட்டின் செருகுவாய்கள் வெளியே தெரியும் பின்தகட்டுக்கான வெட்டு 158.75க்கு 44.45. எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் சின்ன வகைப் பவர் சப்ளை 125க்கு 63.5க்கு 100. 120 மில்லிமீற்றர் காற்றாடியின் துளைகளுக்கு இடையில் 105. இவற்றில் அரை மில்லிமீற்றர் பிசகினாலும் பூட்டும்போது தெரியும். ஆகவே ஒவ்வொரு வழியிலும் முதலில் பார்க்கவேண்டியது, அந்தப் பட்டறை எவ்வளவு நுணுக்கமாக வெட்டும் என்பதையே.

அக்ரிலிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர்ப்பலகைக் கடைகளின் லேசர் மெசின் படத்தில் உள்ளபடியே வெட்டித் தரும். நுணுக்கத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஆணியைக் கொஞ்சம் இறுக்கினால் துளையைச் சுற்றி வெடிக்கும், துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், சூட்டையும் வெளியே கடத்தாது. அளவுகள் சரியா என்று பார்க்கும் மாதிரிப் பெட்டிக்கு நல்லது. அதற்குக்கூட முதலில் மட்டையில் வெட்டிப் பார்ப்பதே மலிவு.

முப்பரிமாண அச்சில் விரும்பிய வளைவெல்லாம் எடுக்கலாம் என்பதால் இளம் பிள்ளைகள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் இழை 60 பாகையை அண்டும்போதே இளகத் தொடங்கும். வெளியே 33, 34 பாகை அடிக்கும் சித்திரை, வைகாசியில், சின்னப் பெட்டிக்குள் புரொசசருக்கும் பவர் சப்ளைக்கும் அருகே அந்த எல்லை தூரத்தில் இல்லை. பாரம் தாங்கும் துண்டு அதற்கு முன்பே மெல்ல மெல்ல வளைந்துவிடும். 80 பாகை வரை நிற்கும் பெட்ஜி இழை பரவாயில்லை. இருந்தாலும் முழுப் பெட்டியையும் அச்சிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரம் இழுக்கும், சின்ன அச்சுப்பொறியில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டும், ஒட்டிய இடம் தெரியும். எஸ்.எஸ்.டி. தாங்கி, சுவிட்ச் பிடி, கேபிள் கவ்வி போன்ற சின்னத் துண்டுகளுக்கு அச்சைவிடச் சிறந்த வழி கிடையாது.

மரத்தில் எனக்குப் பிரியம் அதிகம். வேம்பு, பலா, தேக்கு, முதிரை என்று வீட்டுக்கு வீடு தெரிந்த மரங்கள் இருக்கின்றன. பலா இழைத்தால் பொன் நிறம், நாளாக ஆகக் கருஞ்சிவப்பு. வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. பனையும் இருக்கிறது. பழைய வீடு பிரிக்கும்போது கழற்றிய சிலாகையில் வைரம் பாய்ந்த பகுதியை வெட்டி மெருகேற்றினால், மஞ்சளுக்குள் கறுப்பு நார் ஓடும் அந்தக் கோலம் வேறு எந்த மரத்திலும் வராது. ஆனால் பனையை மெல்லிய பலகையாக்குவது லேசான வேலையல்ல. சீவுளி இழுபடும், சிலாம்பு கையில் ஏறும், ஓரத்தில் ஆணி அடித்தால் நாரோடு பிளக்கும். முகப்புக்கு ஒரு பட்டையாக வைத்தால் அழகு. நான்கு சுவரும் பனையில் வேண்டும் என்று நின்றால் ஓடாவியாருக்கும் சிரமம், உங்களுக்கும் செலவு.

மரத்தின் சிக்கல் இரண்டு. வாடைக்காற்று மழையில் கட்டைப் பலகை ஊதும், சோளகம் அடிக்கும்போது சுருங்கும். இறுக்கமாகப் பொருத்திய மூடி ஐப்பசியில் திறக்காது. பிளைவுட்டில் இது குறைவு. இரண்டாவது, தச்சுப் பட்டறையின் கணக்கு அங்குலமும் நூலும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டிலொன்று, 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கதவுக்கும் அலுமாரிக்கும் அது நுட்பமான அளவு. பின்தகட்டு வெட்டுக்கு அது மிகப் பெரிய அளவு. அதனால் போட்டைத் தாங்கும் தட்டை மரத்தில் செய்யச் சொல்லாதீர்கள். அது அலுமினியத்தில் இருக்கட்டும், மரம் அதைச் சுற்றி நிற்கட்டும். மரம் சூட்டை அடைத்து வைத்திருக்கும் என்பதால் காற்று கீழே புகுந்து மேலே வெளியேறும் வழியும் தாராளமாக வேண்டும்.

இரும்புத் தகட்டைத் தேடிப் போகவேண்டாம். வெட்டிய ஓரங்களில் கடற்காற்று வேலையைத் தொடங்கிவிடும்.

கடைகளின் முகப்புக்கு ஒட்டும் கிளாடிங் தகட்டைப் பலர் யோசிப்பதேயில்லை. இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்ரிக், எல்லாம் சேர்த்து 3 அல்லது 4 மில்லிமீற்றர். உட்பக்கத்தில், சுழலும் அலகால் குடையும் ரவுட்டர் கருவியால் வீ வடிவத்தில் பள்ளம் ஓட்டி, வெளித்தோலை மட்டும் விட்டுவைத்தால் கையாலேயே 90 பாகைக்கு மடிக்கலாம். விளிம்பு கூர்மையாக நிற்கும். மடிக்கும் மெசினே தேவையில்லை. நகரில் கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் வெட்டுத்துண்டு மிஞ்சும். ஒரே பொருளில் இவ்வளவு வசதி வேறெதிலும் இல்லை. குறைகளையும் சொல்லவேண்டும். நடுப் பிளாஸ்ரிக்கில் ஆணிப்புரி நிற்காது, எல்லாவற்றையும் ஊடுருவிய ஆணி, வாஷர், நட்டு கொண்டே பூட்டவேண்டும். சாதாரண வகையின் நடுப்பகுதி பொலிஎதிலீன், எரியக்கூடியது; ஆகவே 230 வோல்ற் போகும் எதையும் திறந்தபடி வைக்கக்கூடாது. வெளித்தோலும் உட்தோலும் மின்சாரத்தில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்பதையும் எர்த் கொடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

இவை எல்லாவற்றையும் பார்த்தபின் நான் கைநீட்டுவது 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டுக்குத்தான். அதிலும் மடிக்காத முறைக்கு. தகட்டை மடித்துச் செய்தால் ஆணி குறையும், தோற்றம் கடைப் பெட்டி மாதிரி வரும் என்பது உண்மை. ஆனால் இரு பக்கமும் வெளியளவில் 50 மில்லிமீற்றர் கொண்ட ஒரு மூலைக்கு வேண்டிய தட்டை நீளம் 100 அல்ல, சுமார் 96.5, உள்வளைவைப் பொறுத்து அதுவும் மாறும். அந்த மெசினில் மடித்துப் பழகியவருக்கே அது கைவரும். கூரைப் பீலி மடிக்கும் பட்டறைகளின் கருவி மெல்லிய தகட்டுக்கானது. கடினமான 6061 டி6 வகை அலுமினியம் மடிக்கும் கோட்டிலேயே வெடிக்கவும் கூடும்.

மடிக்காத முறையில் 12 மில்லிமீற்றர் சதுர அலுமினியக் கம்பியை மூலைகளில் நிறுத்தி, ஆறு தட்டைத் தகடுகளையும் அதில் பூட்டுவீர்கள். யன்னல், கதவு, கண்ணாடி அலுமாரி செய்யும் அலுமினியப் பட்டறைகள் குடாநாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்களுடைய வெட்டும் வாள் கம்பியின் முனையை நேராக, ஒரே நீளமாக வெட்டித் தரும். 2.5 மில்லிமீற்றர் துளையிட்டு எம் 3 எனும் 3 மில்லிமீற்றர் ஆணிக்குப் புரி போட்டால் கம்பியில் ஆணி உறுதியாக நிற்கும். எல் வடிவ அங்கிள் சட்டம் மலிவு என்றாலும் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் மூன்று புரிதான் கிடைக்கும், நாலு தடவை கழற்றினால் தேய்ந்துவிடும். பின்தகட்டு வெட்டையும் காற்றாடி வட்டத்தையும் மட்டும் பெயர்ப்பலகைக் கடையில் கொம்பியூட்டர் இயக்கும் சீ.என்.சி. ரவுட்டருக்குக் கொடுங்கள். அலுமினியம் வெட்டுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மற்றத் துளைகளை வீட்டில், ஒட்டிய காகிதப் படத்தின்மேல் புள்ளி குத்தித் துளைக்கலாம். ஒரு தகடு பிழைத்தால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றுவீர்கள். மடித்த பெட்டியில் இந்த வசதி கிடையாது. முகப்பில் ஒரு பலாப் பலகையோ பனைப் பட்டையோ வைத்தால் மரத்தின் அழகும் சேர்ந்துவிடும்.

அலுமினியத்துக்கும் உப்பு பகைதான். போட்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். வெளியே தெரியும் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், பூட்டும்போது துளி கிறீஸ் தடவுங்கள். சோளகப் புழுதிக்குக் காற்று புகும் பக்கத்தில் கழற்றிக் கழுவக்கூடிய நைலோன் வலை வேண்டும். வைஃபை வேண்டுமானால் அன்ரனா பெட்டிக்கு வெளியே நிற்கவேண்டும்.

பவுடர் கோட்டிங்கும் அனோடைசிங்கும் மின்சாரத்தைக் கடத்தாத படைகள். பவர் சப்ளை தகட்டைத் தொடும் இடத்திலும், ஒவ்வொரு தகடும் கம்பியைத் தொடும் ஓர் இடத்திலும் அந்தப் படையைச் சுரண்டி வெறும் உலோகத்தோடு உலோகம் சேரவிடுங்கள். பிறகு, சுவர்ப் பிளக்கில் செருகும் முன், மல்டிமீற்றரைத் தொடர்பு இருந்தால் சத்தமிடும் நிலையில் வைத்து, அதன் ஒரு முனையைப் பவர் சப்ளை வயரின் எர்த் பின்னிலும் மற்றதை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பாருங்கள். ஆறு தகட்டிலும் சத்தம் கேட்டபின்பே கரண்ட் கொடுக்கலாம்.